மெயின் ரோடு வரைக்கும் ஒரு சைக்கிள் கார்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. விட்ட பிறகு சீர்காழியில் சைக்கிள் கடையில் இரண்டு வருடம், லாரியில் கிளீனராக மூன்று வருடம், கூத்தாநல்லூரில் வெல்டிங் பட்டறையில் கொஞ்ச நாள் இருந்தேன். அங்கே பழக்கமான ஒருவர் மூலம் ஷார்ஜாவில் ஒரு கராஜில் வேலை கிடைத்தது. விசா முடிந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போவதற்கு ட்ரேட் டெஸ்ட் என்றார்கள். திருச்சிக்குப் போனேன். புது மாடல் எஞ்சின் ஒன்றை மேசை மேல் வைத்து, அதில் ஒட்டியிருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் ஏதோ ஒரு பேரைச் சொன்னான், அதுவும் தப்பு, ஆனால் அவன் பாஸ். நான் ஃபெயில்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் பக்கத்தில் பாஸ்போர்ட் இல்லாத வீடு குறைவு. போக முடியாமல் நின்றவனை ஊர் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் பெல்ட் வேலைக்குச் சேர்ந்துகொண்டேன்.

அது பழைய காலத்து மில். பெரிய எஞ்சின் ஒன்றுதான். கூரைக்குக் கீழே நீளமாக ஓர் இரும்புத் தண்டு சுற்றும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் பட்டையான பெல்ட் இறங்கும். நெல் அரைக்கிற ஹல்லருக்குப் போகும் பெல்ட்டை நேராகப் போட மாட்டோம். நடுவில் ஒரு திருப்புத் திருப்பி, எட்டு எழுதினதுபோல மாட்டுவோம். அதற்கு மாறு பெல்ட் என்று பேர். அப்படிப் போட்டால் பெல்ட் ஓடுகிற சக்கரமான புல்லியை அதிகம் சுற்றிப் பிடிக்கும், வழுக்காது. ஹல்லரும் சுற்ற வேண்டிய பக்கம் சுற்றும். தண்டு ஒரு பக்கம் சுற்றினால் ஹல்லர் அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

மில்லுக்குச் சொந்தக்காரம்மா லூத்தரன் சபைக் கிறிஸ்தவக் குடும்பம். ஐம்பது வயதைத் தாண்டியவர். கணவர் இறந்தபிறகு பத்து வருடமாக மில்லைத் தனியாகவே நடத்தினார். ஒரே மகன் சிங்கப்பூரில். வாரம் ஒருமுறை கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வான். எல்லாவற்றையும் விற்றுவிட்டு இங்கே வந்துவிடு என்பதுதான் எப்போதும் பேச்சு. அந்த அம்மாவுக்கு மனமில்லை. ஆனால் அந்த வருடம் வாய்க்கால் பாலத்தைப் புதிதாகக் கட்டுகிறேன் என்று இடித்துப் போட்டுவிட்டார்கள். மில்லுக்கு நெல் லாரி வர வழியில்லை. ஆள் நடக்கவும் சைக்கிள் தள்ளவும் பனைமரம் நாலைக் குறுக்கே போட்டு மண் கொட்டியிருந்தார்கள். அரவை நின்றது. மில்லில் மிஞ்சிய ஆட்கள் நானும், ஹல்லர் ஓட்டுகிற கூத்தாநல்லூர்க்காரரும்தான். என்னைவிட இருபது வயது மூத்தவர். அண்ணே என்று கூப்பிடுவேன்.

வேலையில்லாத நாளில் தவிட்டு அறையை ஒதுக்கச் சொன்னார் அம்மா. கிழிந்த சாக்குகளை இழுத்துப் போட்டபோது அடியில் ஒரு சக்கரம் தெரிந்தது. கம்பி வைத்த சைக்கிள் சக்கரம், ஆனால் கொஞ்சம் தடிமன். அதே மாதிரி நான்கு. படகு மாதிரி ஒடுக்கமான மர உடம்பு. ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார இரண்டு சீட்டு. மூக்கில் மோட்டார் சைக்கிள் எஞ்சின், இரண்டு சிலிண்டர் வி வடிவத்தில் விரிந்து நின்றது.

"இது என்ன கருமம், சவப்பெட்டிக்குச் சக்கரம் போட்டாப்ல?" என்றார் அண்ணன்.

எனக்குத் தெரிந்திருந்தது. திருச்சியில் தெரியாத எனக்கு இது தெரிந்திருந்தது. ஷார்ஜா கராஜுக்குப் பழைய வண்டி சேர்க்கிற வெள்ளைக்காரர் ஒருவர் வருவார். அவர் ஒருமுறை படம் காட்டினார். சைக்கிள் கார் என்று சொன்னார். முதல் உலகப் போருக்கு முன்னும் பின்னும் சில வருடம் ஓடியதாம். கார் பணக்காரனுக்கு, சைக்கிள் ஏழைக்கு என்றிருந்த காலத்தில் நடுவில் இருந்தவர்கள் தாங்களே செய்துகொண்டது. மரச்சட்டம், மோட்டார் சைக்கிள் எஞ்சின், கியருக்குப் பதில் பெல்ட். மலிவான சின்னக் கார்கள் வந்ததும் செத்துப் போனது. எஞ்சினை மோட்டார் சைக்கிளுக்குக் கழற்றிக்கொண்டு உடம்பை அடுப்பில் போட்டார்கள், அதனால்தான் ஒன்றும் மிச்சமில்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு ஏனோ மறக்கவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். அவருடைய மாமனாரின் அப்பா நெல் வியாபாரியாம். வாய்க்கால் வேலை பார்த்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனதை வாங்கினாராம். வாய்க்கால் கரையில் மாட்டு வண்டிகூடப் போகாத இடத்துக்கெல்லாம் இது போகும் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். அம்மா அது ஓடிப் பார்த்ததில்லை.

மகனுக்கு விஷயம் போயிற்று. அவன் சொல்லி அடுத்த வாரமே சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வண்டி, பழைய சாமான் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பேச்சு ரொம்ப மரியாதை. எஞ்சினைத் துடைத்து நம்பரைப் பார்த்தார். எஞ்சின் மட்டும் போதும் என்றார்.

"மிச்சம்?" என்றார் அம்மா.

"மரம்தானேங்க. நீங்களே வச்சுக்குங்க. வெந்நீர் போட ஆகும்."

"ஓடுற வண்டிங்க அது" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். "ஓடுச்சா? நீங்க பாத்தீங்களா தம்பி?"

"ஓட்டலாம்."

"எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டு. அதுவும் பாதி."

"அதான" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் விட முடியவில்லை. வாயால் திட்டியிருந்தால்கூட விட்டிருப்பேன்.

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வாங்க சார். அதுக்குள்ள இவன் ஓட்டிக் காட்டுனான்னா, வண்டிய முழுசா வாங்குறதுன்னா வாங்குங்க, இல்லன்னா வுட்டுடுங்க. கழட்ட வுடமாட்டேன். ஓடலன்னா நீங்க சொன்னபடி எஞ்சினை எடுத்துக்குங்க."

"ஓட்றதுன்னா எது வரைக்கும்மா? நாலடி உருண்டாலும் ஓடுனதுன்னு சொல்லிடுவாரு தம்பி."

"மெயின் ரோடு வரைக்கும். தள்ளக் கூடாது. போதுமா?"

மில்லிலிருந்து மெயின் ரோடு முக்கால் கிலோமீட்டர். வாய்க்கால் கரை, பனைமரப் பாலம், கடைசியில் ரோட்டுக்கு ஏறுகிற ஒரு மேடு. கையில் ஐந்து நாள்.

ஐந்து நாளும் நான் வேறெதையும் நினைக்கவில்லை. எஞ்சின் இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். மூன்றாம் நாள், சுற்றி ஸ்டார்ட் செய்கிற ஹேண்டில் அசைந்தது. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற மேக்னெட்டோ செத்துப் போயிருந்ததால் ஒரு மோட்டார் சைக்கிளின் காயிலையும் பேட்டரியையும் சீட்டுக்கு அடியில் வைத்துக் கட்டினேன். ஸ்டியரிங் என்பது கிணற்று ராட்டினம் மாதிரி ஓர் உருளையில் சுற்றிய இரும்புக் கயிறு, அதன் இரண்டு முனையும் முன் அச்சுக்குப் போகும். புதுக் கயிறு போட்டேன். டயர் மொபெட்டுடையது. பெல்ட்டை எலி தின்றிருந்தது. அது பெரிய கவலை இல்லை, பெல்ட் எங்கள் தொழில். எஞ்சினிலிருந்து செயின் நடுவில் ஒரு தண்டைச் சுற்றும். தண்டின் இரண்டு முனையிலும் புல்லி. அங்கிருந்து பின் சக்கரங்களுக்கு ஆளுக்கொரு பெல்ட். கிளட்ச் கிடையாது. ஒரு லீவரை இழுத்தால் பின் அச்சே நகர்ந்து பெல்ட்டை இறுக்கும். வண்டி கிளம்பும். விட்டால் தொங்கும், வண்டி நிற்கும். இதைவிட எளிதாக ஒரு வண்டியை யாரும் செய்ய முடியாது. அந்தக் காலத்தில் இதைச் செய்தவனும் என்னை மாதிரி பாதிப் படிப்புக்காரனாகத்தான் இருந்திருப்பான் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"அதனாலதான் எலி தின்னுருக்கு" என்றார்.

வியாழக்கிழமை இருட்டும் நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெல்ட் மாட்டாமல் வெறும் எஞ்சினாக ஓட விட்டோம். தவிட்டு அறை முழுக்கப் புகை. அம்மா வாசலில் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். போகும்போது, "அந்த ஆளு பத்தரைக்குள்ள முடிக்கணும்னு போன் பண்ணிருக்காரு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலமாம்" என்றார்.

"உங்களுக்கு ராகுகாலம் உண்டாம்மா?" என்றார் அண்ணன்.

"எனக்கு இல்ல. அவருக்கு இருக்கே."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெல்ட்டை அறுத்தோம். மில்லின் பழைய ஹல்லர் பெல்ட்தான். அண்ணன் ஒரு முனையைப் பிடித்தார், நான் ஒரு முனையை. அளந்து, வெட்டி, முனைகளைக் கிளிப் அடித்துச் சேர்த்து, இரண்டு பக்கமும் மாட்டி முடித்தபோது ஒன்பதேகால். வேலை சுத்தமாக இருந்தது. என் கையும் அவர் கையும் மில்லில் எப்போதும் எப்படிச் செய்ததோ அப்படியே செய்திருந்தது.

ஒன்பதரைக்குச் சென்னைக்காரர் வந்தார். லாரியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, ஸ்பானர் பெட்டியோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்தார். வண்டி களத்தில் நின்றது. மூக்கு வாய்க்கால் கரையைப் பார்த்து. நான் பின் சீட்டில் ஏறினேன். அதில் ஓட்டுகிறவன் பின்னால்தான் உட்கார வேண்டும். அண்ணன் ஹேண்டிலைச் சுற்றினார். மூன்றாம் சுற்றில் பிடித்தது. லீவரை இழுத்தேன்.

வண்டி பின்னால் போனது. மெதுவாக அல்ல. களத்தைத் தாண்டி, காயவைத்திருந்த வறட்டிகளின் மேல் ஏறி, தவிட்டு அறைச் சுவரில் இடித்து நின்றது.

சென்னைக்காரரின் ஆட்கள் சிரித்தார்கள். அண்ணன் குனிந்து பெல்ட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அழகாக, இரண்டு பக்கமும் எட்டு.

"ஹல்லருக்குப் போட்டாப்ல போட்டுட்டோம்டா" என்றார் மெதுவாக.

நேர் பெல்ட்டாக மாற்றலாம். ஆனால் மாறு பெல்ட்டுக்கு நீளம் அதிகம் வேண்டும். திருப்பை எடுத்தால் பெல்ட் தொங்கும், லீவரை எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. மறுபடி அறுத்து, கிளிப் எடுத்து, கிளிப் அடித்து, இரண்டுக்கும் ஒரு மணி நேரம்.

"ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன்.

சென்னைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பத்தாகப் போகுது தம்பி. பத்தரைக்குள்ள நான் சாமான ஏத்திக் கிளம்பியாகணும். அம்மா, நீங்களே பாத்துட்டீங்க. பசங்களா, கழட்டுங்கடா."

ஒருவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டியின் மூக்கருகே வந்தான். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை எஞ்சின் போல்ட்டுக்குப் போனதைப் பார்த்ததும் எனக்கு ஷார்ஜாவில் கேட்டது ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய். எனக்குக் கோபம்தான் வந்தது. வேறு ஒன்றுமில்லை.

"கைய எடு" என்றேன். "அம்மா, மெயின் ரோடு வரைக்கும் ஓடணும், தள்ளக் கூடாது. அவ்வளவுதானே பேச்சு?"

"ஆமா."

"அப்ப நான் போறேன்."

"எப்படிப் போவே?"

"எப்படிப் போவுதோ அப்படித்தான்."

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அவர் வண்டியின் மூக்கைத் தூக்கினார். ஒரே ஆள். அவ்வளவு லேசு அது. சுற்றித் திருப்பி, பின்பக்கம் வாய்க்கால் கரையைப் பார்க்கும்படி வைத்தார். நான் சீட்டில் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்தேன், ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை லீவரில். ஓட்டுகிறவன் பின்னால் இருப்பதில் ஒரு வசதி, பின்னால் போனால் நான்தான் முன்னால்.

லீவரை இழுக்கப் போனபோது அம்மா வந்து முன் சீட்டில் காலை வைத்தார்.

"நீங்க எங்கம்மா?"

"ஓடுற வண்டின்னு விக்கப்போறேன். உக்காந்து பாக்க வேண்டாமா? நகரு."

ஏறி உட்கார்ந்தார். அவர் முகம் மில்லைப் பார்த்து. என் முகம் ரோட்டைப் பார்த்து. இரண்டு பேருக்கும் முதுகுதான் துணை. கிளம்பினோம்.

வாய்க்கால் கரையில் ஓர் ஆள் வேகமாக நடந்தால் எவ்வளவோ அவ்வளவுதான் போனோம். பின்னால் போகும்போது ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. கொஞ்சம் திருப்பினால் மூக்கு அகலமாக வீசும். இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் நாற்றங்கால். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யம்மோவ், எங்க பொறப்பட்டாச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மெயின் ரோட்டுக்கு" என்றார் அம்மா.

"மூஞ்சி இந்தப் பக்கம் இருக்கே?"

"மூஞ்சி எந்தப் பக்கம் இருந்தா என்னடி, போய்ச் சேந்தா சரி."

சென்னைக்காரர் பின்னாலேயே நடந்து வந்தார். வண்டியின் மூக்குக்கு நேராக. அதனால் அவரும் அம்மாவும் எதிரெதிரே முகம் பார்த்தபடி, நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டே வந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, காதில் விழுந்தது.

"இது நியாயமில்லம்மா. ஓட்றதுன்னா முன்னால ஓட்றது."

"நீங்க அப்படிச் சொல்லலியே சார்."

"அதச் சொல்லவும் வேணுமா?"

"படிச்சவங்க, நீங்கதான் சொல்லியிருக்கணும்."

பனைமரப் பாலம் வந்தது. மழையில் மேல்மண் கரைந்து, மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் பள்ளம். வேறு எந்த நாலு சக்கர வண்டியும் அதில் ஏறியிருக்க முடியாது. இதன் சக்கரங்கள் இரண்டு ஓரத்து மரங்களின் மேல் சரியாக உட்கார்ந்தன, இரண்டு விரல் மிச்சம். அம்மா பைபிளிலிருந்து ஏதோ ஒரு சங்கீதத்தை முணுமுணுத்தார். மரங்கள் முனகின, அவ்வளவுதான். தாண்டிவிட்டோம். சென்னைக்காரர் எங்களுக்குப் பின்னால் அதே பாலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார் என்று அண்ணன் பிறகு சொன்னார்.

கடைசியாக மேடு. பாதி ஏறியதும் பெல்ட் கீச்சிட ஆரம்பித்தது. வேகம் குறைந்தது. எஞ்சின் அலறியது, சக்கரம் நகரவில்லை. மேலே ரோட்டில் டவுன் பஸ் ஒன்று நின்று, ஜன்னலெல்லாம் தலையாக இருந்தது.

"நான் எறங்கட்டுமா?" என்றார் அம்மா.

"எறங்காதீங்க."

அண்ணன் பக்கத்திலேயே ஓடி வந்தார். வேட்டி மடியில் கைவிட்டார். மில்லில் பெல்ட் வழுக்கினால் தூவுகிற குங்கிலியப் பொடி, அவர் மடியில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். ஓடிக்கொண்டே இந்தப் பக்கம் ஒரு பிடி, சுற்றி ஓடி அந்தப் பக்கம் ஒரு பிடி எறிந்தார். கோயில் மாதிரி வாசம் வந்தது. பெல்ட் கடித்தது. வண்டி ஓர் உதறு உதறி மேலே ஏறி, தார் ரோட்டில் பின்சக்கரத்தை வைத்தது. பிறகு முன்சக்கரத்தையும் வைத்தது. லீவரை விட்டேன்.

பஸ்ஸில் விசில் அடித்தார்கள். எஞ்சினை அணைத்தேன்.

சென்னைக்காரர் மேடேறி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது.

"முழுசா எடுக்குறதுன்னா எடுத்துக்குங்க சார்" என்றார் அம்மா, சீட்டில் இருந்தபடியே. "நாலு பேரு தூக்குனா லாரில ஏறிடும். கழட்ட மட்டும் கூடாது."

"மரத்த வச்சு நான் என்னம்மா பண்றது?"

"அப்ப வுட்டுடுங்க."

அவர் கொஞ்ச நேரம் எஞ்சினையே பார்த்தார். பிறகு ஆட்களை லாரியில் ஏறச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொன்ன பேச்சுக்குக் கட்டுப்பட்டுப் போனார். போகும்போது என்னிடம், "பெல்ட்ட திருப்பிப் போடுங்க தம்பி" என்றார்.

"தெரியும்" என்றேன்.

அன்று மத்தியானம் ரோட்டோரப் புளியமரத்தடியிலேயே பெல்ட்டை அறுத்து நேராகப் போட்டோம். வண்டி முன்னால் ஓடியது, எல்லா வண்டியும் ஓடுகிற மாதிரி. மேடிறங்கி, பாலம் தாண்டி மில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிறகு பல நாள் அதே மேட்டில் ஏற்றிப் பார்த்தேன். நேர் பெல்ட்டில் அது அம்மாவை இறக்கிவிட்டால்தான் ஏறும். எவ்வளவு பொடி போட்டாலும் அப்படித்தான். நாங்கள் தப்பாகப் போட்ட மாறு பெல்ட் மட்டும்தான் இரண்டு பேரையும் சேர்த்து ஏற்றியது. அதைத் தப்பு என்று சொல்வதை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த வருடம் மில் விலைக்குப் போனது. நான் இரண்டாவது முறை ட்ரேட் டெஸ்ட் எழுதி, அதே கறுப்புப் பெட்டிக்கு அதே தெரியாது சொல்லி, இந்தத் தடவை பாஸாகி, கிளம்புகிற நாளுக்காகக் காத்திருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கேயும் ஸ்பானர் வைக்கவில்லை. மர உடம்பைத்தான் அதிக நேரம் தடவிப் பார்த்தார்.

"ஓடுங்களா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார். "ரெண்டு பக்கமும் ஓடும்."